வழியனுப்பப் போனவர்

எங்கள் அப்பா தன் வாழ்நாளில் வழியனுப்பி வைத்தவர்களை வரிசையாக நிற்க வைத்தால், அந்த வரிசை தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தொடங்கிப் புதுக்கோட்டை வரைக்கும் போகும். மிகைப்படுத்தாதே என்று என் மகள் சொல்வாள். அவள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், எதற்கும் ஆதாரம் கேட்பாள். ஆதாரமெல்லாம் என்னிடம் கிடையாது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பா எங்கே என்று கேட்டால், "யாரையோ ஏத்திவிடப் போயிருக்காவ" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள். வாரத்தில் இரண்டு நாளாவது இதே பதில்தான்.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். தோணியிலும் கப்பலிலும் ஏறுகிற மூட்டைகளைப் பார்த்து நின்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே போகிற வேலை. கொழும்புக்கு வெங்காயம் போகும், ஓடு போகும், கருவாடு போகும். மாலத்தீவுக்குச் செங்கல் முதல் காய்கறி வரை போகும். எல்லாம் அவர் கண் முன்னால்தான் ஏறிப் போகும். அவர் மட்டும் சாயங்காலம் ஆனதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். சாத்தான்குளத்தில் பிறந்தார், நாசரேத்தில் படித்தார், தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்தார். அவருடைய பயணம் மொத்தமே அவ்வளவுதான். வடக்கே அவர் பார்த்த கடைசி ஊர் சென்னை. அங்கே போனதும் யாரையோ ஏற்றிவிடத்தான்.

அந்தக் காலத்தில் வழியனுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒருவர் துபாய்க்கோ சவுதிக்கோ போகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்பா போய் முதலில் பெட்டியைப் பார்ப்பார். அட்டைப்பெட்டி என்றால் நைலான் கயிற்றில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கட்டு, அதற்கு மேல் இன்னொரு கட்டு. பிறகு துறைமுகத்துப் பழக்கத்தில் பெட்டியின் ஆறு பக்கமும் பெயரையும் ஊரையும் மார்க்கர் பேனாவால் எழுதுவார். அடிப்பக்கத்தில் எதற்கு என்று கேட்டால், "கவுந்து கெடந்தா எவன் வாசிப்பான்?" என்பார். அடுத்தது வேன் பேசுவது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகிற வேனில் முன் சீட்டு பயணக்காரருக்கு, பின்னால் வீட்டுப் பெண்கள், கடைசி சீட்டில் பெட்டிகளோடு பெட்டியாக அப்பா.

போய்ச் சேர்ந்ததும் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து ஜெபம் செய்வார். அவர் ஜெபத்தில் ஏர்போர்ட் வாசல், பெட்டி எடை போடுகிற இடம், விமானத்தின் சக்கரம், அங்கே போய் இறங்கினால் கூட்டிப்போக வருகிறவரின் கார் எல்லாம் தனித்தனியாக வரும். ஆண்டவர் எதையாவது மறந்துவிடுவார் என்று அவருக்கு ஒரு பயம். துறைமுகத்தில் கூட வேலை பார்த்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் தன் மூன்று மகன்களையும் அப்பாவை வைத்துத்தான் வளைகுடாவுக்கு ஏற்றிவிட்டார். இவர் ஜெபம் முடித்து ஆமென் சொல்ல, அவர் கையேந்தி துஆ செய்ய, போகிற பையன் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆமீனாகச் சொல்லிவிட்டு உள்ளே ஓடுவான்.

பயணக்காரர் கண்ணாடிக் கதவுக்குள் போய் மறைகிற வரைக்கும் அப்பா கம்பி ஓரத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவார். மறைந்த பிறகு, அழுகிறவர்களை வேனில் ஏற்றி, வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பார். சூடாக வடை தின்றால் அழுகை நின்றுவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. நானே பரிசோதித்துப் பார்த்திருக்கிறேன், உண்மைதான்.

இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு ஒருவர் போவார், இருபது பேர் வழியனுப்புவோம். இன்றைக்கு அந்த இருபது பேரும் போய்க்கொண்டிருக்கிறார்கள், வழியனுப்பத்தான் ஆளில்லை. என் மகள் தோழிகளோடு வியட்நாம் போனதே, அவள் அங்கே நூடுல்ஸ் தின்கிற போட்டோ வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டால், "லாங் வீக்கெண்டும்மா, இதுக்கெல்லாமா சொல்லுவாங்க?" என்கிறாள். எங்கள் காலத்து லாங் வீக்கெண்டுக்கு நாங்கள் மணப்பாடு போவோம். கடலில் கால் நனைப்போம், புளியோதரையைத் தின்போம், திரும்பி வருவோம். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடல் இருக்க, இன்னொரு கடலைப் பார்க்கப் பஸ் ஏறிப் போனவர்கள் நாங்கள். அதையும் ஒரு வாரம் பேசுவோம்.

நான் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள். ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். சிங்கப்பூர், ஹாம்பர்க், ராட்டர்டாம் என்று நாள் முழுக்க டைப் அடிக்கிறேன். விமானத்தில் முதன்முதலாக ஏறியது நாற்பத்தொரு வயதில், ஆபீஸ் மீட்டிங்குக்காக வாகைக்குளம் ஏர்போர்ட்டிலிருந்து சென்னைக்கு. மூன்றாம் நாள் திரும்பிவிடுவேன் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அன்றைக்கும் அப்பா வந்து ஜெபம் செய்தார். கூட வந்த ஆபீஸ் மேனேஜர் பாவம், என்ன ஏது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

இப்படி ஊரையே ஏற்றிவிட்ட மனுஷனுக்கு, தான் போகவேண்டிய இடம் ஒன்று இருந்தது. கொழும்பு. அங்கேதான் என் அத்தை இருக்கிறார், அப்பாவின் ஒரே அக்கா.

கலியாணமாகி அத்தை அங்கே போன காலத்தில் கொழும்பை யாரும் வெளிநாடாக நினைக்கவில்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் எத்தனையோ பேர் அங்கே கடை வைத்திருந்தார்கள். மாமாவுக்கும் அங்கே துணிக்கடை. ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கே ரயில் ஏறினால் மறுநாள் கொழும்பு. அத்தை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்துபோய்க்கொண்டிருந்தார். கடைசியாக வந்தது தாத்தாவின் அடக்கத்துக்கு. திரும்பிப் போகும்போது ராமேஸ்வரம் வரைக்கும் போய் ஏற்றிவிட்டது அப்பாதான். எனக்கு அப்போது ஆறு வயது, நானும் போயிருந்தேன். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்ததும், பயத்தில் நான் அத்தை மடியில் முகத்தை வைத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே சண்டை வந்தது, கப்பல் நின்றது. சண்டை ஓய்ந்தபோது மாமா இறந்துபோயிருந்தார், அத்தையின் இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தன.

நாற்பது வருடத்துக்கு மேலாக அக்காவும் தம்பியும் நேரில் பார்க்கவில்லை. இடையில் கொழும்பு போகிற தோணிக்காரர்களிடம் அப்பா முதலூர் மஸ்கோத் அல்வாவும் கருவாடும் கொடுத்துவிடுவார். அங்கிருந்து தேயிலையும் ஒரு கடிதமும் வரும். பிறகு போன் வந்தது, அப்புறம் வீடியோ கால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றாமல் போன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அத்தை அங்கிருந்து கேட்கிற முதல் கேள்வி, "ஏலே தம்பி, எப்ப வாரே?" அப்பா, "வாரேங்க்கா, அடுத்த மாசம்" என்பார்.

அந்த அடுத்த மாதம் வரவே வராது. அம்மா இருந்தவரைக்கும் அம்மாவின் மூட்டுவலி ஒரு காரணம். அம்மா போன பிறகு கொல்லையில் நிற்கிற முருங்கை ஒரு காரணம். மழை, வெயில், சபைத் தேர்தல், அடுத்த தெருவில் யாரையோ ஏற்றிவிட வேண்டியது, எல்லாம் காரணம். பாஸ்போர்ட்டாவது எடுங்கள் என்று நான் மூன்று வருடம் முன்பு இழுத்துக்கொண்டு போனேன். விசாரிக்க வந்த போலீஸ்காரருக்குக் காபி கொடுத்து, அவருடைய மச்சான் குவைத் போகிற விவரத்தைக் கேட்டு, அந்த மச்சானை ஏற்றிவிட மறு வாரம் திருவனந்தபுரம் போய்விட்டு வந்தார். இவருடைய பாஸ்போர்ட் பீரோவில் அம்மாவின் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. பல தடவை கத்தியிருக்கிறேன். "அவங்க எம்பத்திரண்டு, நீங்க எழுபத்தெட்டு. எப்பத்தான் போவீங்க?" என்றால், "போவம்ளா, என்ன அவசரம்?" என்பார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் பேசினார். மழையைப் பற்றி, பேரனின் புது வேலையைப் பற்றி, அங்கே தேங்காய் விற்கிற விலையைப் பற்றிப் பேசினார். அப்பாவும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். ஊளி மீன் குழம்பு, அவருக்கு உயிர். தட்டில் கையை வைத்துக்கொண்டு, "அக்கா இன்னைக்கு எப்ப வாரேன்னு கேக்கலளா" என்றார்.

லீவில் வந்திருந்த என் மகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் போனை எடுத்தாள்.

"தாத்தா, அடுத்த மாசம் பதினாலு ஓகேயா?"

"எதுக்கு?"

"கொழும்புக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் குழம்புச் சட்டியைப் பார்த்தேன். ரசத்துக்கு வருவதற்குள் மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. ரசம் முடிவதற்குள் விசாவுக்கும் விண்ணப்பித்துவிட்டாள். அந்தக் காலத்தில் ஒரு விசாவுக்கு எத்தனை தடவை மெட்ராஸ் போய் வரிசையில் நின்றிருப்பார்கள் என்று சொல்ல ஆரம்பித்த அப்பா, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மதுரையிலேர்ந்து ஒரு மணி நேரம்தான் தாத்தா. பெங்களூர்ல எனக்கு ஆபீஸ் போகவே அதுக்கு மேல ஆகும்" என்றாள் மகள்.

அப்பா தட்டை வழித்துவிட்டு, "அப்ப வேன் சொல்லணும்லா" என்றார்.

மூன்று பேர் போவதற்கு எதற்கு வேன் என்று கேட்டேன். ஏத்திவிட ஆள் வரும்லா என்றார். இந்தக் காலத்தில் யார் வரப்போகிறார்கள் என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். பதினோரு பேர் வந்தார்கள். சபையிலிருந்து நாலு பேர், தெருவிலிருந்து ஆறு பேர், காயல்பட்டினத்து அந்தப் பழைய நண்பர் கைத்தடியோடு. எல்லாருமே என்றைக்கோ அப்பா ஏற்றிவிட்டவர்கள், அல்லது பிள்ளைகளை அவரை வைத்து ஏற்றிவிட்டவர்கள். அதைப் பார்த்ததும் நான் உருகிப்போனேன். ஆனால் அந்த உருக்கம் அதிக நேரம் நிற்கவில்லை. மகள் உள்ளேயிருந்து அலறிக்கொண்டு வந்தாள். அவளுடைய புதுச் சூட்கேஸின் ஆறு பக்கத்திலும் அப்பா மார்க்கர் பேனாவால் பெயரும் ஊரும் எழுதி வைத்திருந்தார்.

விடிந்ததும் கிளம்பி, எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரை ஏர்போர்ட் வந்து சேர்ந்தோம். வேன் முழுக்கச் சிரிப்பு. அப்பா பழக்கப்படி கடைசி சீட்டில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் வாருங்கள் என்றதற்கு, இங்கேதான் எனக்கு வசதி என்றுவிட்டார். ஏர்போர்ட்டில் இறங்கியதும் அவர் உடம்பில் பத்து வயது குறைந்துவிட்டது. தள்ளுவண்டி கொண்டுவந்தார், பெட்டிகளை அடுக்கினார், எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தார், ஜெபம் செய்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "இந்தப் பிள்ளைகளின் பிரயாணத்தை ஆசீர்வதியும்" என்றுதான் ஜெபித்தார். தன்னைப் பற்றி ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளே போகிற வாசலில் துப்பாக்கி வைத்த காவலர் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். முதலில் மகள் போனாள். அடுத்தது நான். எனக்குப் பின்னால் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "போங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். காவலர் என்னை விட்டதும் அப்பா வண்டியை என் கைக்குத் தள்ளிவிட்டார். நான் உள்ளே போய், வண்டியை ஓரமாக நிறுத்தி, பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டுத் திரும்பினேன்.

அப்பா கண்ணாடிக்கு வெளியே கம்பி ஓரத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவரைச் சுற்றி நின்ற பதினோரு பேரும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. அந்த இடத்தில் அப்படி அவரைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கண்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கும் படவில்லை. நானும் கையை ஆட்டினேன். என் மகளும் ஆட்டினாள். அவர்கள் திரும்பி வேன் நின்ற பக்கமாக நடந்து மறைந்த பிறகு, மகள்தான் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, தாத்தாவும் நம்மகூட வரணும்ல?"

வாசலுக்கு ஓடினேன். உள்ளே வந்தவர்கள் நினைத்த மாதிரி வெளியே போக முடியாது என்று காவலர் இந்தியில் சொன்னார். எங்க அப்பா, எங்க அப்பா என்று நான் தமிழில் சொன்னேன். நீங்கள் கை ஆட்டினீர்களே, அவரா என்று அவர் கையை ஆட்டிக் காட்டிக் கேட்டார். அவருக்குக்கூட ஞாபகம் இருந்தது. அப்பாவின் போனுக்கு அடித்தேன், என் கைப்பைக்குள்ளேயே மணி அடித்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று வேனில் என்னிடம் கொடுத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் மகள் போய் விசாரித்தாள். இன்னும் முப்பத்தைந்து நிமிடத்தில் மூடிவிடுவார்களாம்.

வேன் டிரைவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியது அப்பாதான். ஏழு தடவை அடித்தேன். எட்டாவது தடவை எடுத்தான்.

"அக்கா, பிளேன் ஏறியாச்சா?"

"ஏலே, அப்பா எங்கலே?"

"அண்ணாச்சி இங்கனதான் இருக்காவ. அருப்புக்கோட்டை ரோட்டுல டீக்கடைக்கு வந்தாச்சு. எல்லாருக்கும் வடை வாங்கிக் குடுத்துட்டு நிக்காவ."

"அவங்களுக்கும் டிக்கெட் இருக்குலே! சட்டைப் பையில பாரு!"

அந்தப் பக்கம் கண்ணாடிக் கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம்.

அவன் வண்டியை எப்படி ஓட்டி வந்தான் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் விரும்பவில்லை. பத்தொன்பது நிமிடத்தில் வாசலில் வந்து நின்றது. இந்தத் தடவை பதினோரு பேரும் சேர்ந்து அப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காயல்பட்டினத்துக்காரர் கைத்தடியை முன்னால் நீட்டி வழி உண்டாக்கிக்கொண்டே வந்தார். அப்பா கையில் செய்தித்தாளில் சுற்றிய பாதி வடை. காவலர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஒரு தடவை ஆட்டிக் காட்டி, சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். கவுண்டர் பெண் மூன்று பேருக்கும் போர்டிங் அட்டையை அடித்துக் கொடுத்தபோது அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். இத்தனை பேரை ஏற்றிவிட்டவருக்குத் தான் ஏறத் தெரியாதா என்று கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "பழக்கதோசம்ளா, கோவப்படாத" என்றார். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அடக்க முடியாமல் போய்விட்டது.

விமானத்தில் அப்பாவுக்கு ஜன்னல் ஓர இருக்கை. பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், துறைமுகத்தில் கயிற்றை இழுத்துப் பார்க்கிற மாதிரியே. ஓடத் தொடங்குவதற்கு முன்னால் நான் கேட்டேன்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. நிஜமாவே மறந்துட்டீங்களா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாதி மறதிதாம்ளா."

"மீதி?"

"போன்ல அக்கா சின்னதாத் தெரிவா. அதுல அவ பழைய அக்காவாட்டம்தான் இருக்கா. நேர்ல போனா கெழவியா இருப்பா. அப்புறம் அவள விட்டுட்டுத் திரும்பி வரணும். ஏத்திவிடுதவனுக்கு ஒண்ணுங் கெடையாது, மத்தியானம் வீட்டுக்குச் சோத்துக்கு வந்துருவான். போறவன் பாடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுல்லா. பயம்தான்."

இத்தனை வருடம் முருங்கையையும் மழையையும் சொன்ன வாயிலிருந்து இப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரிடம் கத்தியதெல்லாம் எனக்குத் திரும்ப வந்து உறைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

விமானம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் கீழே கடல் வந்தது. அப்பா நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தார். "இது நம்ம கடல்தானளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முத்துக் குளித்த கடல், சங்கு எடுத்த கடல், அவர் கோடு போட்டு அனுப்பிய வெங்காயமெல்லாம் போன கடல். ஒரு தோணி தெரிகிறதா என்று தேடினார். அந்த உயரத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. பணிப்பெண் ஒரு ரொட்டியும் டீயும் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா டீயை ஆற்றுவதற்கு இன்னொரு கிளாஸ் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, இறங்கப் போகிறோம், பெல்ட்டைப் போடுங்கள் என்று அறிவித்துவிட்டார்கள்.

"எங்க எறங்குதாவ?"

"கொழும்புப்பா."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். கீழே தென்னந்தோப்புகள் நெருங்கி வந்துகொண்டிருந்தன. அப்பா அழுதார். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தம் வராமல், டீக் கிளாஸைக் கையில் பிடித்தபடியே அழுதார். என் மகள் கிளாஸை வாங்கி வைத்துவிட்டு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவள் கூப்பிட்டால் வந்து நிற்கிற விமானம், கூப்பிடாமல் போனதால் ஒரு மனுஷனுக்கு வராமலே இருந்திருக்கிறது.

பெட்டிகள் வந்தன. ஆறு பக்கமும் எழுதியிருந்த சூட்கேஸை நாங்கள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டோம் என்பதை இங்கே நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மகளும் ஒப்புக்கொண்டாள்.

வெளியே வருகிற வழியில் கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டம் நின்றது. இத்தனை வருடம் அந்தப் பக்கத்திலேயே நின்ற அப்பா, இந்தப் பக்கத்திலிருந்து வருவதற்குத் தயங்கித் தயங்கி நடந்தார். அத்தையை நான்தான் முதலில் பார்த்தேன். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சேலையில், நான் நினைத்து வைத்திருந்ததைவிட ஒரு முழம் குள்ளமாக நின்றார். அவர் மடியில் முகம் வைத்துக்கொண்டு பாம்பன் பாலத்தைக் கடந்தவள் நான், இப்போது குனிந்துதான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்பா நின்றுவிட்டார். அத்தை பேரனின் கையை விட்டுவிட்டு, தேய்ந்த முட்டியோடு தானே நடந்து வந்தார். கிட்டே வந்து தம்பியின் தலையைத் தடவிப் பார்த்தார்.

"ஏலே, முடியெல்லாம் எங்கலே?"

பேரன் சிரித்துவிட்டான். நாங்களும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சண்டைக்கு வந்தவர் மாதிரி கேட்டார்.

"அக்கா, ஒரு டீ குடிக்கலக்கா, அதுக்குள்ள வந்துட்டேன். நீ இம்புட்டுப் பக்கத்துலயா இருந்தே?"

அத்தை அவர் கன்னத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"நான் இங்கனயேதாம்லே இருந்தேன்" என்றார்.